பழைய எஞ்சினும் நீலக் குறிப்பேடும்

நெரவியில் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில், முருங்கை மரத்தடியில், இரண்டு ஆண்டுகளாக ஒரு படகு எஞ்சின் கோணிச் சாக்கைப் போர்த்திக்கொண்டு நின்றது. இரண்டு தென்னந்துண்டுகளை நட்டு, குறுக்கே ஒரு பலகையை அடித்து, அதன்மேல் மாட்டி வைத்திருந்தோம். புதிதாக வருவோர் அதனைத் தண்ணீர் இறைக்கும் பம்பு என்றே எண்ணுவர். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. நெரவி கடற்கரைக் குப்பமன்று. அரசலாற்றுக்குத் தெற்கே வயலும் வாய்க்காலுமாகக் கிடக்கும் கொம்யூன். எங்கள் குடும்பத்தில் கடலுக்குச் சென்றவர் ஒருவர்தாம். அவர் எங்கள் அத்தான்.

அத்தான் குமரி மாவட்டக் கடற்கரையில் பிறந்தவர். வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு வந்த இரு குடும்பங்கள் பேசி முடித்த திருமணம் அது. அக்காளை மணந்தபின் இங்கேயே தங்கிவிட்டார். பட்டினச்சேரி நண்பர் ஒருவரோடு பங்கு சேர்ந்து ஒரு ஃபைபர் படகு வாங்கினார். எஞ்சினை மட்டும் தம் சொந்த ஊரிலிருந்து 2009இல் லாரியில் வரவழைத்தார். அப்போதே அது ஒருவர் கைமாறிய பொருள். இரண்டு சிலிண்டர், 9.9 குதிரைத்திறன், பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் வகை. படகின் பின்பலகையில் மாட்டுவது, வேண்டும்போது கழற்றித் தோளில் சுமந்து வீடு கொண்டுவருவது.

எங்கள் கரையில் இவ்வகை எஞ்சின் அரிது. இங்குள்ள ஃபைபர் படகுகளில் பெரும்பாலும் நீண்ட தண்டுடைய டீசல் எஞ்சினையே காணலாம். குமரியிலும் கேரளக் கரையிலும் நிலைமை வேறு. அங்கே 1980களிலேயே பின்பலகை எஞ்சின் பரவலாயிற்று. பியேர் ஜில்லே என்னும் பொறியாளர் முட்டத்தில் தங்கி, அலைகளைத் தாண்டிச் செல்லும் ஒட்டுப்பலகைப் படகுகளை மீனவரோடு சேர்ந்து உருவாக்கிய வரலாறு 1985இல் ஒரு நூலாகவே வெளிவந்தது. 1980இல் தோன்றிய தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, படகு கட்டுவதோடு நில்லாமல் எஞ்சின் பழுதுபார்க்கும் நிலையங்களையும் நடத்தியது. ஆகவே அக்கரைச் சிறுவன்கூடக் கார்புரேட்டரைக் கழற்றி மாட்டுவான். அத்தானும் அப்படி வளர்ந்தவரே. மாலையில் கரை திரும்பியதும், தமக்குக் குளியல் உண்டோ இல்லையோ, எஞ்சினை நீலப் பீப்பாயில் நிறுத்தி நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் ஓடவிட்டு உப்பைக் கழுவிய பிறகே சாப்பிட அமர்வார். “மனுசனுக்கு நாளைக்குக் குளிச்சாலும் ஆகும், இதுக்கு ஆகாது” என்பார்.

நோய்வாய்ப்பட்டு அவர் இறைவனடி சேர்ந்தபின் படகின் பங்கை நண்பரே எடுத்துக்கொண்டார். அவருக்கு டீசல் எஞ்சினே பழக்கம். எனவே இது முருங்கை மரத்தடிக்கு வந்தது. விற்பது பற்றி அக்காளிடம் பேச எங்களுக்கு மனம் வரவில்லை. இறுதியில் பேச்சைத் தொடங்கியது அவளே. மகளுக்குச் செவிலியர் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. முதல் தவணை 50,000 ரூபாய். கட்ட வேண்டிய நாள் தை மாதக் கடைசி.

என்ன விலை சொல்வது? இக்கேள்வியில் நாங்கள் மூன்று வாரம் கிடந்து உழன்றோம்.

பழைய சைக்கிளுக்கு விலை சொல்வது எளிது. தெருவில் பத்துப் பேர் சொல்லிவிடுவர். எங்கள் ஊரில் இந்த எஞ்சினை விற்றவரும் இல்லை, வாங்கியவரும் இல்லை. எங்களுள் மூத்தவர் கணக்கில் தேர்ந்தவர். அவர் புதிய எஞ்சினின் விலையை விசாரித்தார். ஒன்றரை இலட்சத்துக்கும் மேல் என்றார்கள். ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு தேய்மானம் என்று கழித்துப் பார்த்தார். எஞ்சினின் வயதை நோக்க விடை பூஜ்யத்துக்குக் கீழே போயிற்று! அலுவலக மேசை நாற்காலிக்குப் பொருந்தும் கணக்குக் கடலுக்குப் பொருந்தவில்லை. குமரியிலுள்ள அத்தானின் தம்பி, அங்கே கொண்டுவந்தால் 55,000 வரை போகும் என்றார். ஆனால் லாரி வாடகை, தங்குசெலவு, அங்குள்ளவர் பிரித்துப் பார்த்துக் குறைக்கும் தொகை யாவும் எங்கள் தலையில். காரைக்கால் தரகர் ஒருவர் வந்து, சாக்கை விலக்கி, ஒரு முறை சுற்றி வந்து, “60 சொல்லுங்க, 50க்கு முடிச்சிடலாம்” என்றார். கயிற்றை ஒரு முறைகூட அவர் இழுத்துப் பார்க்கவில்லை.

நாகப்பட்டினத்திலிருந்து ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்தோம். வயதானவர், பேச்சுக் குறைவு. அவர் செய்தவற்றைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம். இந்நிலை நம் வாசகர்களுள் யாருக்கேனும் வரக்கூடும். முதலில் தண்டின் நீளத்தை அளந்தார். இவ்வகை எஞ்சின்களில் பொதுவாக 15 அங்குலம், 20 அங்குலம் என இரு நீளங்கள் உண்டாம். பின்பலகையின் உயரத்துக்கு ஒவ்வாத தண்டு வாய்த்தால் எஞ்சின் நன்றாக இருந்தும் பயனில்லை. பிறகு இரு பிளக்குகளையும் கழற்றி, துளையில் அழுத்தமானியைப் பொருத்தி, கயிற்றைப் பலமுறை இழுத்தார். இரண்டு சிலிண்டரின் அழுத்தமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும்; பத்தில் ஒரு பங்குக்குமேல் வேறுபட்டால் பிஸ்டன் வளையமோ சிலிண்டர் சுவரோ தேய்ந்துவிட்டது என்று பொருள். எங்களுடையது தேறியது. பீப்பாயில் நிறுத்திக் கிளப்பியபோது பக்கவாட்டுத் துளையிலிருந்து நீர் கயிறுபோல் பீச்சியது. குளிர்விக்கும் நீர் சீராக ஓடுவதன் அடையாளம் அது. இரண்டு ஆண்டு உறங்கிய எஞ்சின் ஐந்தாவது இழுப்பில் உயிர் பெற்றது கண்டு அக்காள் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

கடைசியாக அவர் கீழ்ப்பகுதியிலுள்ள கியர் பெட்டியின் அடித் திருகைக் கழற்றினார். முதலில் ஒரு தேக்கரண்டி அளவுக்குத் தண்ணீர் வந்தது. பிறகு வந்த ஆயில், பால் கலந்த காப்பியின் நிறத்தில் இருந்தது. மெக்கானிக் அதை விரலில் தொட்டுக் காட்டினார். புரொப்பல்லர் தண்டில், சீல் அமரும் இடத்தை உப்புத் தின்றிருக்கிறது; எத்தனை புதிய சீல் போட்டாலும் சில நாளில் கடல்நீர் உள்ளே புகும்; நீர் புகுந்த ஆயிலில் கியர் பற்களும் பேரிங்கும் அரிக்கும்; ஒருநாள் அவை இறுகி நின்றுவிடும். தண்டு, பேரிங், சீல் அனைத்தும் மாற்ற 14,000 ஆகும். மாற்றினால் இன்னும் நாலைந்து வருடம் ஓடும். மாற்றாவிட்டால், அதிர்ஷ்டம் இருந்தால், ஒரு வருடம். இவ்வளவுதான் அவர் சொன்னது. கூலியாக 500 ரூபாய் பெற்றுக்கொண்டு பேருந்து ஏறினார்.

அன்றிரவு எங்களுள் இளையவர், அம்மாவின் பழைய விவிலியத்தை எடுத்து லேவியர் நூலின் 25ஆம் அதிகாரத்தைத் தேடினார். நிலம் விற்பதற்கு அங்கே ஒரு முறை கூறப்பட்டுள்ளது. ஐம்பதாம் ஆண்டாகிய யூபிலியில் நிலம் பழைய உரிமையாளரிடம் திரும்பிவிடும்; ஆதலால் அதற்குள் எத்தனை அறுவடை மீதி உள்ளது என்று எண்ணி அதற்கேற்ப விலையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். விற்கப்படுவது மண்ணன்று, மீதியுள்ள விளைச்சல். எங்களுக்கு இது பளிச்சென்று பட்டது. எத்தனை வயதாயிற்று என்பதை விட்டுவிட்டு, இன்னும் எத்தனை பாடு போகும் என்று கேட்டால் பழைய எஞ்சினுக்கும் விலை வந்துவிடுகிறது. கோளாறற்ற நிலையில் 50,000, பழுது நீக்கும் செலவு 14,000, ஆக 36,000. மூத்தவரின் தேய்மானக் கணக்கைவிட லேவியர் கணக்கு நேராக இருந்தது.

ஆயினும் 36,000 கல்லூரித் தவணைக்குப் போதாதே!

தரகர் மீண்டும் வந்தார். மெக்கானிக் கூறியதைச் சொன்னோம். அவர் சிரித்தார். “அது உள்ள இருக்கிற சமாச்சாரம்ண்ணே. பார்க்க வர்ற அன்னைக்குக் காலையில புது ஆயில் ஊத்திடுங்க. பீப்பாயில அரைமணி ஓட்டினாலும் தெரியாது.” அவர் சொன்னது பொய்யன்று. பீப்பாய் நீரில் அரைமணி நேரத்தில் அது தெரியவே தெரியாது.

நாங்கள் ஊற்றினோம். இதனை எழுதவே கூசுகிறது. ஆயினும் மறைத்துவிட்டு மற்றதை எழுதுவதில் பொருளில்லை. ஞாயிறு திருப்பலி முடிந்து வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பழைய ஆயிலை முழுதும் வடித்துப் புதியதை ஊற்றினோம். தேன்போல் இருந்தது. மேல்மூடியைத் துடைத்து, கீறல்களில் கறுப்புச் சாயமும் பூசினோம். அக்காளிடம், “பராமரிப்பு” என்றோம்.

பதினோரு மணிக்கு வாங்குபவர் வந்தார். பக்கத்துக் குப்பத்து இளைஞர். முப்பது வயதுக்குள் இருக்கும். அவருடைய டீசல் எஞ்சினின் கிராங்க் உடைந்து, வாடைக் காலம் முடிந்து மீன்பாடு தொடங்கிய நேரத்தில் படகு கரையில் கிடந்தது. மைத்துனர் கேரளத்தில் இவ்வகை எஞ்சினில் தொழில் பார்ப்பவராம். அந்தத் துணிச்சலில் வந்திருந்தார். பேரம் பேசவும் தெரியாதவர். வாங்குகிறவன் பொருளை மட்டம் தட்டிப் பேசிவிட்டு, அப்பால் போய்ப் பெருமையடித்துக் கொள்வான் என நீதிமொழிகள் நூல் ஓரிடத்தில் நகைக்கிறது. இவரோ வந்ததும் வராததுமாக, “நல்லா வச்சிருக்கீங்கண்ணே” என்றார். எஞ்சின் இரண்டாம் இழுப்பிலேயே கிளம்பியது. கியர் பெட்டித் திருகைச் சற்றே தளர்த்தி ஒரு சொட்டைப் பார்த்தார், தேன். 48,000க்குப் பேச்சு முடிந்தது. 5,000 அச்சாரம் கொடுத்து, மறுநாள் வண்டியோடு வருவதாகச் சொல்லிப் போனார்.

தரகர் அகமகிழ்ந்தார். நாங்களும் மகிழ்ந்தோம், அது மாலைவரை நீடித்தது.

இரவுச் சாப்பாட்டுக்குப்பின் அக்காள் ஒரு நீல அட்டைக் குறிப்பேட்டைக் கொண்டுவந்து திண்ணையில் வைத்தாள். அத்தானின் கையெழுத்து, பள்ளிப் பிள்ளைகளின் எண்பது பக்க நோட்டு. பிளக் மாற்றிய நாள், இம்பெல்லர் மாற்றிய நாள், மண்ணெண்ணெய் எத்தனை லிட்டர், ஆயில் எந்த விகிதத்தில் கலந்தது, யாவும் வரிசையாக இருந்தன. “இதையும் அந்தப் பிள்ளைகிட்ட குடுத்துடுங்க. அவருக்கு உதவும்” என்றாள். புரட்டிப் பார்த்தோம். 2017ஆம் ஆண்டு முதல், ‘கியர் ஆயில் வெள்ளை’ என்ற குறிப்பு மீண்டும் மீண்டும் வந்தது. ஒரு பக்கத்தில், வாடையில் கியர் இறுகி ஓர் இரவும் மறுநாள் நண்பகல்வரையும் தெற்கே இழுபட்டதும், பட்டினச்சேரிப் படகு ஒன்று கண்டு கட்டி இழுத்து வந்ததும் நான்கே வரிகளில் இருந்தன. அந்த இரவு எங்களுக்கு நினைவிருந்தது. அக்காள் விளக்கை அணைக்காமல் வாசலில் உட்கார்ந்திருந்தாள். கடல் கொந்தளிப்பு என்று அத்தான் சொல்லியிருந்தார்; கியர் என்று சொல்லவில்லை.

கரை வாசகர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்க்காகச் சொல்கிறோம். நடுச்சாலையில் ஸ்கூட்டர் நின்றால் தள்ளிக்கொண்டு போகலாம். வாடைக்காலத்தில் எங்கள் கரைநீரோட்டம் தெற்கு நோக்கியது. எஞ்சின் நின்ற சிறு படகு கோடியக்கரைப் பக்கம் ஒதுங்கும். அதற்கப்பால் 1974, 1976 ஆண்டுகளின் உடன்படிக்கைகள் வரைந்த எல்லைக்கோடு. கோட்டைத் தாண்டியதாகப் பிடிபட்டுப் படகை இழந்து, சிறையிலிருந்து மீண்ட காரைக்கால் மீனவர்களை நாங்கள் நேரில் அறிவோம். வேண்டுமென்றே சென்றவரா, இழுபட்டுச் சென்றவரா என்று அக்கோடு கேட்பதில்லை.

அக்காள் எங்கள் முகங்களைப் பார்த்தாள். காலையில் வடித்த பழைய ஆயில் ஒரு பழைய பெயிண்ட் டப்பாவில் மரத்தடியிலேயே இருந்தது. அவள் போய் அதைப் பார்த்துவிட்டு வந்தாள். ஏசவில்லை. “அவருக்கு எத்தனை புள்ளைங்கன்னு கேட்டீங்களா?” என்றாள். நாங்கள் கேட்கவில்லை.

வாங்குவோர் விற்போர் நெறிகளைப் பற்றி 13ஆம் நூற்றாண்டிலேயே புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் பெருநூலில் ஒரு தனிக் கேள்வியை எடுத்து ஆராய்ந்திருக்கிறார் என்பதை எங்களுக்குச் சொன்னவர் எங்கள் பழைய பங்குத்தந்தை. நொண்டிக் குதிரையை விரைவான குதிரை என்றும், இடியும் வீட்டை உறுதியான வீடு என்றும் விற்பதைப் போன்ற மறைகுறையை, ஆபத்தோ இழப்போ விளைக்கும் குறையை, விற்பவன் வெளிப்படுத்தியே ஆகவேண்டும் என்பது அவர் முடிவு. ஒற்றைக்கண் குதிரையைப் போல் குறை கண்ணுக்கே தெரியுமானால், விலையைத் தக்கவாறு குறைத்தால் போதும், பறையறிவிக்க வேண்டியதில்லை. கூடவே மற்றொன்றும் சொல்கிறார்: வாங்குபவனின் அவசரத்தைக் கண்டு விலையை ஏற்றுதல் தகாது, அந்த அவசரம் விற்பவனுடைய சொத்தன்று, தன்னுடையது அல்லாததை அவன் விற்கக் கூடாது. ஆனால் அந்தப் பொருளைப் பிரிவதால் விற்பவனுக்கே தனி இழப்பு இருந்தால், அதை விலையில் சேர்த்துக்கொள்ளலாம். அக்காளுக்கு அத்தகைய இழப்பு இருந்தது என்று வாதிட இடமுண்டு. வாதிட்டும் பார்த்தோம். கணவன் நினைவுக்கு ரூபாய்க் கணக்கு எப்படிப் போடுவது என்று தெரியாமல் விட்டுவிட்டோம். அக்குவினாஸ் குதிரைகளோடு நின்றது எங்கள் நல்லகாலம்.

மறுநாள் விடியலில் அந்த இளைஞருக்குத் தொலைபேசியில் சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “வர்றேண்ணே” என்றார். தரகருக்குத் தகவல் எப்படியோ எட்டி, அவர் முன்னதாகவே வந்து எங்களைக் கடிந்துகொண்டார். அவரைக் கொடியவர் என்று நாங்கள் எண்ணவில்லை. ஆழிப்பேரலைக்குப்பின், 2005லும் 2006லும், உதவியாக வந்த படகுகளும் எஞ்சின்களும் இக்கரையில் தேவைக்கு மேல் குவிந்து, ஆளில்லாத வீடுகளிலிருந்து வந்த விலைக்குப் போன நாட்களில் தொழில் கற்றவர் அவர். அந்நாளில் பொருளின் குறையை யாரும் கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை.

இளைஞர் வந்தார். பெயிண்ட் டப்பாவைக் காட்டினோம். குறிப்பேட்டைக் கொடுத்தோம். அவர் முருங்கை மரத்தடியில் குந்தி உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படித்தார். அரைமணி நேரம் ஆகியிருக்கும். இழுபட்ட இரவின் பக்கத்தை இரு முறை படித்தார் என்று நினைக்கிறோம். நாங்கள் 36,000 என்று சொல்லி, எதனால் அந்தத் தொகை என்பதையும் சொன்னோம். வேண்டாமென்றால் அச்சாரத்தைத் திருப்பித் தருகிறோம் என்றோம்.

“இதுவரைக்கும் யாரும் இப்படி நோட்டுப் போட்டு எஞ்சின் வச்சிருந்து நான் பார்க்கலண்ணே” என்றார். எஞ்சினைத் தட்டிப் பார்த்தார். தண்டும் பேரிங்கும் மைத்துனரிடம் சொல்லிக் கேரளத்திலேயே வாங்கினால் கொஞ்சம் குறையும் என்று தமக்குள் கணக்கிட்டார். மாற்றாமல் கடலில் இறக்க மாட்டேன் என்று, நாங்கள் கேளாமலே அக்காளிடம் சொன்னார். அச்சாரம் போக மீதி 31,000ஐ எண்ணிக் கொடுத்தார். ஐந்நூறு குறைத்துக் கேட்டார், கொடுக்கவில்லை. எங்களுக்கும் கல்லூரி இருந்தது.

பற்றாக்குறை 14,000த்தில் அக்காளின் மகளிர் சுய உதவிக் குழு 10,000 கடன் கொடுத்தது. மீதியை நாங்கள் போட்டோம். தரகருக்குப் பேசிய தரகைக் குறைக்காமல் கொடுத்தோம். வாங்கிக்கொண்டார், அதன்பின் எங்கள் தெருப்பக்கம் வரவில்லை.

வண்டியில் ஏற்றும்போது இளைஞர் நீலப் பீப்பாயையும் பார்த்தார். கேட்கத் தயங்கினார். அக்காள் அதிலிருந்த தண்ணீரை முருங்கைக்குச் சாய்த்துவிட்டுத் தானே உருட்டிக்கொண்டு போய் வண்டியருகில் நிறுத்தினாள். குறிப்பேட்டின் பின்பக்கங்களில் மளிகைக் கடன் கணக்கு இருந்தது. அந்த நான்கு தாள்களை மட்டும் கிழித்து வைத்துக்கொண்டாள்.

மாசி மாதம் அவரிடமிருந்து தொலைபேசி வந்தது. தண்டு மாற்றியாயிற்று, ஆயில் வெளுக்கவில்லை, ஆனால் குறிப்பேட்டின் பதினேழாம் பக்கத்தில் ஓர் எழுத்துப் புரியவில்லை என்றார். கலவை விகிதம் இருபத்தைந்துக்கு ஒன்றா, முப்பத்தைந்துக்கு ஒன்றா? அக்காள் தொலைபேசியை வாங்கிக்கொண்டு, அவர் எழுத்தில் இரண்டு எப்படி இருக்கும், மூன்று எப்படி இருக்கும் என்று நெடுநேரம் சொல்லிக்கொண்டிருந்தாள்.